துளையுளியின் பிடி: திருச்சித் தச்சுவேலையில் பேசப்படாத ஓர் உறுப்பு

ஸ்ரீரங்கத்தில் தை மாதப் பூபதித் திருநாளிலும், பங்குனி உத்திரத்தை ஒட்டியும், சித்திரை மாத விருப்பன் திருநாளிலும் நம்பெருமாள் எழுந்தருளும் தேர்களின் மர உடலையும், வீதிகளில் எஞ்சியிருக்கும் பழைய வீடுகளின் நிலைகளையும், உறையூர்க் கைத்தறிகளின் சட்டங்களையும் ஒரே வகைப் பொருத்துத்தான் தாங்கி நிற்கிறது. ஒரு சட்டத்தில் நீள்சதுரமாகத் துளை எடுத்து, இன்னொரு சட்டத்தின் முனையை இரு பக்கமும் சீவி மெலிதாக்கி, அத்துளைக்குள் செருகி இறுக்குவதே அப்பொருத்து. செருகப்படும் மெலிந்த முனைக்குக் கழுந்து என்று பெயர். கழுந்து கண்ணெதிரே அறுபடுவது, தடித்துவிட்டால் இழைத்துக்கொள்ளலாம். துளையோ மரத்தின் உள்ளே, பார்வை முழுதாக எட்டாத ஆழத்தில், உளியால் கொத்திக் கொத்தி எடுக்கப்படுவது. அதன் சுவர் ஒருமுறை கோணிவிட்டால் ஆப்பு அடித்துச் சமாளிப்பதைத் தவிர வேறு வழியில்லை. இத்துளையை எடுக்கும் உளியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எஃகின் தரமும், அது துவைந்த பதமும், தீட்டும் கோணமும் விரிவாகப் பேசப்படுகின்றன. தச்சரின் உள்ளங்கைக்கும் அந்த எஃகுக்கும் நடுவே இருக்கும் மரப்பிடி எவ்வளவு பருமனாக, எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பது மட்டும் பேசப்படுவதில்லை. நேரான துளைக்கு அலகு எவ்வளவு காரணமோ அவ்வளவு பிடியும் காரணம்.

துளையுளி மற்ற உளிகளிலிருந்து உடலமைப்பிலேயே வேறுபட்டது. மரத்தின் மேற்பரப்பைச் சீவிச் சமன்செய்யும் பட்டை உளியின் அலகு அகன்று மெலிந்திருக்கும். துளையுளியின் அலகு குறுகி, அகலத்துக்கு ஏறத்தாழச் சமமாகவோ சில வேளை அதைவிட மிகுதியாகவோ கனத்திருக்கும். தமிழ்நாட்டுத் தச்சர்கள் ஓர் அங்குலத்தை எட்டு நூலாகப் பகுத்துப் பேசுவதால், அரை அங்குல உளியை நாலு நூல் உளி என்றும், முக்கால் அங்குல உளியை ஆறு நூல் உளி என்றும் சொல்வர். துளையின் அகலத்தைச் சட்டத்தின் கனத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக வைப்பது பொதுவான வழக்கம் என்பதால், 3 அங்குலக் கனமுள்ள வாசல் நிலைக்கு ஓர் அங்குலத் துளையும், ஒன்றரை அங்குலக் கதவுச் சட்டத்துக்கு நாலு நூல் துளையும் பொருந்தும். உளியின் அகலமே துளையின் அகலம் என்பதுதான் இக்கருவியின் அடிப்படைக் கருத்து. உளி நேராக இறங்கினால் துளையின் இரு சுவரும் தாமாகவே நேராகிவிடும். உளி நேராக இறங்குவதோ அதைப் பிடித்திருக்கும் இடக்கையைப் பொறுத்தது.

அந்த இடக்கை பிடித்திருக்கும் உளிக்கு மூன்று விதமான விசைகள் வந்து சேர்கின்றன. முதலாவது, கொட்டாப்புளி எனப்படும் மரச்சுத்தியலின் அடி. இது பிடியின் தலையில் விழுந்து நேர்கீழாக அலகின் முனைக்கு இறங்குகிறது. இரண்டாவது, வெட்டிய சில்லை மேலே கிளப்புவதற்காக உளியை முன்னும் பின்னும் சாய்க்கும் நெம்பல். இதில் பிடி நெம்புகோலாக மாறுகிறது. மூன்றாவது முறுக்கு. இதைத் தச்சர் விரும்பிச் செய்வதில்லை. மரத்தின் இழை ஒரு பக்கம் இறுகியும் மறு பக்கம் இளகியும் இருக்கும்போது, அல்லது ஒரு கணுவைச் சந்திக்கும்போது, உளி தானாகவே சற்றுத் திரும்பிவிடப் பார்க்கிறது. அடியைத் தாங்க எந்தப் பிடியும் போதும். நெம்பலைத் தாங்கக் கொஞ்சம் பருமன் வேண்டும். முறுக்கைத் தடுக்க வடிவம் வேண்டும்.

முறுக்கினால் விளையும் கேட்டை ஒரு சிறு கணக்கால் காணலாம். நாலு நூல் உளியின் அகலம் 12.7 மில்லிமீட்டர், அதன் உடலின் கனம் 10 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அந்த உளி தன் அச்சில் வெறும் 5 பாகை திரும்பியபடி துளைக்குள் இறங்கினால், அதன் இரு மூலைகளும் எதிரெதிர்ச் சுவர்களில் உரசி, துளையின் அகலத்தை 13.5 மில்லிமீட்டராக்கிவிடும். ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் இடைவெளி கதவுச் சட்டத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்; ஆனால் கழுந்து இறுக நிற்பது சுவரோடு அது முழுப்பரப்பிலும் ஒட்டியிருப்பதால்தான் என்பதால், அந்த இடைவெளியே சில ஆண்டுகளில் கதவைத் தொங்கவைக்கிறது. வட்டமாகக் கடைந்த பிடியில் 5 பாகைத் திருப்பத்தைக் கை உணராது, ஏனெனில் வட்டம் எந்தப் பக்கம் திரும்பினாலும் உள்ளங்கைக்கு ஒன்றுபோலவே இருக்கிறது. அதனால் தச்சர் ஒவ்வோர் அடிக்கும் முன்பு குனிந்து அலகைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நீள்வட்டப் பிடியில் நீண்ட அச்சும் குறுகிய அச்சும் வெவ்வேறாக இருப்பதால், உளி எந்தத் திசையை நோக்கி நிற்கிறது என்பது விரல்களுக்குத் தெரிந்துவிடுகிறது. திரும்ப முயலும் உளியை விரல்கள் கண்ணின் துணையின்றியே தடுத்துவிடுகின்றன.

நீள்வட்டத்தின் நீண்ட அச்சு அலகின் கனத்தை ஒட்டி, அதாவது நெம்பும் திசையில் அமைய வேண்டும் என்பது இரண்டாவது நியதி. ஒரு சட்டம் வளைவதை எதிர்க்கும் வலிமை, வளையும் திசையில் உள்ள தடிமனின் வர்க்கத்தோடு கூடும் என்பது கட்டுமானப் பொறியியலின் தொடக்கப் பாடம். உத்தரத்தைக் கிடையாகப் படுக்கவைக்காமல் செங்குத்தாக நிறுத்துவதற்கும் அதுவே காரணம். 38 மில்லிமீட்டருக்கு 30 மில்லிமீட்டர் என்ற அளவில் செய்த நீள்வட்டப் பிடியின் சுற்றளவு ஏறத்தாழ 107 மில்லிமீட்டர். அதே சுற்றளவுள்ள வட்டப்பிடியின் விட்டம் 34 மில்லிமீட்டர். கை சுற்றிப் பிடிக்கும் அளவு இரண்டிலும் ஒன்றேயானாலும், நெம்பும் திசையில் நீள்வட்டத்தின் வலிமை பத்தில் ஒரு பங்களவு கூடுதல். இந்த ஆதாயம் பெரிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்; நீள்வட்டத்தின் உண்மையான பயன் அது கைக்குத் தரும் திசையறிவே. அதை உறுதி கருதி மட்டும் பரிந்துரைப்பவர்கள் அதன் முதன்மையான குணத்தை விட்டுவிடுகிறார்கள்.

எல்லா உளிக்கும் பிடி இவ்வளவு முக்கியமா என்றால், இல்லை. அதற்கான சான்றுகளும் இதே வட்டாரத்தில் இருக்கின்றன. ஸ்ரீரங்கம் கோயிலின் சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் பாயும் குதிரைகளைச் செதுக்கியது போன்ற கல் வேலையில் உளிக்குப் பிடியே கிடையாது. இரும்புத் தண்டின் ஒரு முனை கூர், மறு முனை அடிவாங்கும் தலை. கல் துகளாகச் சிதறுமேயன்றி உளியைக் கவ்விப் பிடிப்பதில்லை என்பதால், நெம்பலும் முறுக்கும் அங்கே பெரிதாக எழுவதில்லை. 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்து, இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள அரும்பாவூரின் மரச்சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரே மரத்துண்டிலிருந்து உருவத்தைத் திரட்டி எடுக்கும் அவ்வகை வேலையில் பிடியில்லாத முழு இரும்பு உளிகளும் புழங்குகின்றன. சிற்பி உளியை அலகுக்கு அருகிலேயே விரல்களால் பற்றி, வெட்டுக்கு வெட்டு அதன் சாய்வை மாற்றிக்கொண்டே போகிறார். அவருக்கு உளி சுழல்வது குறையன்று, தேவை. ஒரே கோட்டில், ஒரே திசையில், ஆழமாக இறங்க வேண்டிய துளையுளிக்கு இதற்கு நேர்மாறான பிடி வேண்டியிருப்பது இயல்பே.

பிடியின் நீளத்தை உடலின் இருக்கை முடிவு செய்கிறது. இந்தியத் தச்சுமுறையில் வேலைமேசையின் இடத்தைத் தரையே பெற்றிருந்தது. தச்சர் கீழே அமர்ந்து காலால் மரத்தை அழுத்திப் பிடிப்பார், அல்லது துளைபோட வேண்டிய கனத்த சட்டத்தின் மீதே உட்கார்ந்துகொள்வார். அப்படி உட்காரும்போது உளியின் தலை ஏறக்குறைய மார்பின் உயரத்தில் நிற்கிறது. உளி மிக நீண்டிருந்தால் கொட்டாப்புளியை ஓங்கும் கை தோளுக்கு மேலே போய்ச் சீக்கிரம் சலித்துவிடும். மிகக் குட்டையானால் அடி தவறும்போது விரலில் விழும். உள்ளங்கை முழுதாக அமர்ந்த பின் மேலே இரண்டு விரற்கடை மிஞ்சும் நீளம், அதாவது பெரும்பாலோருக்கு 5 முதல் 6 அங்குலம், இருக்கையில் வேலை செய்வோருக்கு ஏற்றது. நின்றபடி மேசைமேல் வேலை செய்வோர் இதைவிடச் சற்று நீளமாக வைத்துக்கொள்ளலாம். நீளம் கூடக்கூட உளி செங்குத்தாக நிற்கிறதா என்பதைக் கண்ணால் ஒத்துப் பார்ப்பது எளிதாகும்.

பருமனைப் பொறுத்தவரை, அழுத்திப் பற்றும் கைக்கருவிகளுக்கு ஏறத்தாழ 30 முதல் 50 மில்லிமீட்டர் வரையிலான குறுக்களவு உகந்தது என்பது தொழிலாளர் உடல்நலம் பற்றிய ஆய்வுகளில் பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. துளையுளிக்கு அவ்வரம்பின் கீழ்ப்பாதியே போதும், ஏனெனில் அடி விழும் கணத்தில் உளியை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. தளர்வாக, ஆனால் திசை மாறாதபடி பிடிக்க வேண்டும். மெலிந்த பிடியைத்தான் கை தன்னையறியாமல் இறுக்குகிறது. அந்த இறுக்கத்தால் முன்கைத் தசைகள் மாலைக்குள் மரத்துப்போகின்றன. கடையில் விற்கும் பிடிகள் பெரும்பாலும் மெலிந்தே இருப்பதால், பல தச்சர்கள் அவற்றின்மேல் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக்கொள்கிறார்கள். பிடி போதாது என்று கை சொல்வதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அலகும் பிடியும் சேரும் இடத்தில் இரண்டு வழிமுறைகள் உலகெங்கும் உள்ளன. ஒன்றில் உளியின் பின்முனை ஆணிபோல் கூர்ந்து பிடிக்குள் இறங்குகிறது. மற்றொன்றில் பின்முனை கூம்பு வடிவக் குழலாக விரிந்து, சீவிய பிடி அதற்குள் இறங்குகிறது. குழல் வகையில் ஒவ்வோர் அடியும் பிடியை மேலும் இறுக்குகிறது. ஆணி வகையில் ஒவ்வோர் அடியும் பிடியைப் பிளக்கவே பார்க்கிறது. அதைத் தடுக்க அலகுக்கும் பிடிக்கும் நடுவே இரும்பிலேயே அகன்ற தோள் ஒன்று வைத்து அடிக்கப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஷெஃபீல்டில் செய்யப்பட்ட ஆங்கிலத் துளையுளிகளில் இந்தத் தோளே நீள்வட்டமாக இருந்தது. அதன்மேல் அமர்ந்த பீச் மரப்பிடியும் அதே நீள்வட்டத்தைத் தொடர்ந்து மேலேறியது. அதிர்வைக் குறைக்கச் சிலவற்றில் நடுவே ஒரு தோல் வளையமும் இடப்பட்டது. ஜப்பானியத் தச்சர் வேறு வழியில் சென்றார்: ஓக் மரப்பிடியின் தலையில் இரும்புப் பூண் ஒன்றை இறக்கி, பூணுக்கு மேலே துருத்தும் மர இழைகளைத் தட்டி வளைத்து அதன் விளிம்பைப் போர்த்திவிட்டார், அதனால் அவருடைய உளி எஃகுச் சுத்தியலின் அடியையே தாங்குகிறது.

இந்த ஜப்பானியத் தீர்வு திருச்சித் தச்சருக்கும் பாடமாகக் கூடியது. கொட்டாப்புளியின் இடத்தை இரும்புச் சுத்தியல் பிடித்துக்கொண்ட பட்டறைகள் இன்று மிகுதி. மரத்தால் மரத்தை அடிக்கும்போது அடி சற்றுப் பரவி, நின்று இறங்குகிறது. இரும்பால் அடிக்கும்போது ஒரு புள்ளியில் குவிந்து, மரத்தலையைக் காளான்போல் விரியச் செய்கிறது. கொட்டாப்புளிக்குத் திரும்புவதே நல்லது. திரும்பாதவர் பிடியின் தலையில் பூண் போடாமல் துளைவேலைக்கு இறங்கக் கூடாது. பூண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தலை தட்டையாக இருத்தல் ஆகாது. நடுவில் இலேசாகக் குவிந்திருந்தால்தான் அடி ஓரத்தில் விழாமல் அச்சின் வழியே இறங்கும்.

பிடிக்கு எந்த மரம் என்ற கேள்வியில் உள்ளூருக்கே நல்ல விடை இருக்கிறது. கருவேல மரம் காவிரிக்கரை வட்டாரம் எங்கும் வளர்வது. வண்டிச் சக்கரத்துக்கும் ஏருக்கும் மண்வெட்டிக் காம்புக்கும் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டது. அடியை வாங்கிக்கொண்டு பிளவாமல் நிற்கும் குணமுடையது. புளிய மரத்தின் வைரப்பகுதி கொட்டாப்புளிக்கு மிகச் சிறந்தது. தேக்கு நிலைக்கும் கதவுக்கும் உயர்ந்ததேயானாலும், அடிபடும் பிடிக்குச் சற்று மென்மையானது. விலை உயர்ந்த மரமென்பதால் பிடிக்கும் அதுவே நல்லது என்று எண்ணுவது தவறு.

மரத்தின் வகையைவிட அதன் உலர்வு இன்னும் முக்கியம். சித்திரை, வைகாசியில் திருச்சியின் வெயில் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது புதிதன்று. ஐப்பசி, கார்த்திகையில் மழைக்காற்று. மரம் நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு, குறுக்குவாக்கில் சுருங்குவதே அதிகம். ஆகவே பச்சை மரத்தில் போட்ட பிடி கோடையில் சுருங்கி, பூண் கழன்று, அலகு ஆடத் தொடங்கும். ஆடும் உளியை இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்கிக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அது ஒரு நாளைய வேலையை ஒப்பேற்றுமேயன்றி நோயைத் தீர்க்காது: உப்பும் இழைகள் இரும்பின்மேல் நெருக்குண்டு நசுங்கிவிடுவதால், மறுபடி உலரும்போது துளை முன்னிலும் பெரிதாகிறது. பிடிக்கான கட்டையை ஓராண்டாவது நிழலில் போட்டு வைப்பதே சரியான வழி.

பிடி போடும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். கட்டையை ரம்பத்தால் அறுப்பதைவிடக் கத்தியால் பிளந்தெடுப்பது சிறந்தது; பிளவு இழையின் போக்கிலேயே செல்வதால், பிடியின் இழை தலையிலிருந்து அலகு வரை அறுபடாமல் ஓடும். ஒன்றரை அங்குலச் சதுரமாகத் தறித்த அக்கட்டையை உடனே வடிவப்படுத்தாமல், முதலில் துளைக்க வேண்டும். துளை சற்றுக் கோணினாலும் பிறகு வெளிப்புறத்தை அதற்கேற்பச் செதுக்கிக்கொள்ளலாம். உளியின் பின்முனை அடியில் பருத்து நுனியில் சிறுத்திருப்பதால், ஒரே அளவுத் துளை பொருந்தாது. பெரியது, நடுத்தரமானது, சிறியது எனப் படிப்படியாக ஆழமாகும் மூன்று துளைகள் வேண்டும். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி மரத்துக்குள் சுட்டு இறக்கும் பழைய முறையில் பொருத்தம் விரைவில் வாய்க்கிறது. ஆனால் கருகிய மரம் நாளடைவில் பொடிந்து இடைவெளி விடுகிறது. கடைசிக் கால் அங்குலத்தைக் கையால் அழுத்தி இறக்காமல், உளியை அலகு கீழே தொங்கும்படி பிடியைப் பிடித்துத் தூக்கி, பிடியின் தலையில் கொட்டாப்புளியால் தட்டினால், அலகின் எடையே அதைப் பிடிக்குள் ஏறச் செய்துவிடும். அலகைக் கல்லிலோ கட்டையிலோ ஊன்றி அடிக்கவே தேவையில்லை. இதன் பிறகுதான் சதுரத்தை எண்பட்டையாகவும், எண்பட்டையை அரத்தால் நீள்வட்டமாகவும் மாற்ற வேண்டும். எண்பட்டையோடு நிறுத்திக்கொள்வோரும் உண்டு; அதுவும் திசையைக் காட்டும், தரையில் வைத்தால் உருண்டும் ஓடாது. பளபளக்கும் வார்னிஷ் வியர்வையில் வழுக்கும், உள்ளங்கையில் கொப்புளம் எழுப்பும்; ஆளிவிதை எண்ணெய் இரண்டு மூன்று முறை பூசித் துடைத்தால் போதும்.

துளையுளியின் மிகக் கடினமான தேர்வுக்களம் வண்டிச் சக்கரமாக இருந்தது. நடுவே குடம், அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றிப் பிடிக்கும் வட்டை என்ற அமைப்பில், 12 ஆரக்கால் கொண்ட ஒரு சக்கரத்துக்குக் குடத்தில் 12, வட்டையில் 12 என 24 துளைகள் தேவை. அவை அத்தனையும் வளைந்த பரப்பில், ஒரே மையத்தை நோக்கி எடுக்கப்பட வேண்டியவை. ஒரு நாளில் எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைத் தேர்க்காலுக்கு அதியமானை ஒப்பிட்ட ஔவையாரின் பாடல், புறநானூற்றில் 87ஆவதாக இருக்கிறது. சக்கரத்தின் அருமையை அறிந்தவரே அந்த உவமையைத் தேர்ந்திருக்க முடியும். இன்று கோயில் தேர்கள் பலவற்றுக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் செய்து தருவது, 1965இல் திருவெறும்பூரில் உற்பத்தியைத் தொடங்கிய பெல் ஆலை. சுமையும் பாதுகாப்பும் கருதினால் அது ஏற்கத்தக்க மாற்றமே. சக்கரத்துக்கு மேலே இருக்கும் தேரின் உடல் இன்னும் மரம்தான், அதன் பொருத்துகள் இன்னும் துளையும் கழுந்தும்தான். வீட்டுக்கதவு வேலையில் துளைபோடும் இயந்திரம் வந்துவிட்டது. தேர்ச் சட்டத்தைப் புதுப்பிக்கும்போது, பழைய மரத்தோடு புதியதைச் சேர்க்கும் இடத்தில், கையுளிதான் செல்ல முடிகிறது.

திருச்சியின் இரும்புக் கடைகளில் இன்று கிடைக்கும் உளிகளில் பல, மஞ்சளும் சிவப்புமாகக் கண்ணாடிபோல் மின்னும் பிளாஸ்டிக் பிடியோடு வருகின்றன. அப்பிடி வெயிலில் சுருங்காது, சுத்தியலடிக்குப் பிளவாது. இந்த இரண்டு நற்குணங்களையும் மறுப்பதற்கில்லை. பட்டை உளிக்கு அது போதும். துளையுளிக்கு அது போதாது: வட்டமானது, வழுவழுப்பானது, எல்லாக் கைக்கும் ஒரே அளவு. நீள்வட்டப் பிடியோடு வரும் துளையுளி எளிதில் கிடைக்காத நிலையில், அலகை மட்டும் நல்லதாகத் தேர்ந்து வாங்கி, பிடியைக் கழற்றிவிட்டுத் தம் கைக்கேற்ப ஒன்றைப் போட்டுக்கொள்வதே தச்சருக்கு உகந்த வழி. தொழிற்பயிற்சி நிலையங்களில் தச்சுப் பிரிவில் சேரும் மாணவருக்கு முதல் மாதத்திலேயே ஒரு கருவேலங்கட்டையைக் கொடுத்து, அவர் கையை அளந்து, அவருடைய உளிக்கு அவரே பிடி போடும்படி செய்ய வேண்டும். அந்த ஒரு பயிற்சியில் இழையும் உலர்வும் துளையும் பொருத்தமும் ஒருங்கே கற்பிக்கப்பட்டுவிடும். பயிற்சி நிலையங்களும் பட்டறை முதலாளிகளும் இதை இந்த ஆண்டே தொடங்கலாம். அதற்கு வேண்டிய மரம் மரக்கடைப் பகுதியிலேயே கிடைக்கும்.